நரம்பைச் சுட்டால் இடுப்பு வலி போகுமா?

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் காலையில் வந்து நிற்கும் பேருந்துகளிலிருந்து கடலூர்க்காரர், விழுப்புரத்துக்காரர், திண்டிவனத்துக்காரர் என்று பலரும் இறங்குவார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல இறங்குகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கக்கத்தில் எம்.ஆர்.ஐ. படம் இருக்கும். வாயில் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: "எலும்பு தேய்மானமாம்", "ஜவ்வு விலகியிருக்காம்", "நரம்பை அழுத்துதாம்". இப்போதெல்லாம் நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது: "நரம்பைச் சுட்டுவிட்டா வலி போயிடும்னு சொல்றாங்க. செஞ்சுக்கலாமா?"

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். எந்த நரம்பை, எதற்காக, யாருக்கு என்று பிரித்துக் கேட்டால்தான் விடை பிடிபடும். அதற்கு முதுகெலும்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சுவரில் மாட்டிய படங்களில் டாக்டர்கள் விரல் வைத்துக் காட்டுவது பெரும்பாலும் முன்பக்கத்தை. இந்த அத்தியாயத்தின் கதை நடப்பது பின்பக்கத்தில்.

பிறக்கும்போது நமக்கு 33 முள்ளெலும்புகள். வளர வளர அடியில் உள்ள ஐந்து ஒட்டிப்போய்த் திரிகம் என்ற ஒரே எலும்பாகின்றன. அதற்கும் கீழே வழக்கமாக நான்கு சேர்ந்து வால் எலும்பாகின்றன. மீதி 24 தனித்தனியாக அசைபவை: கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. எல்1, எல்2 என்று தொடங்கி எல்5 வரை ரிப்போர்ட்டில் எழுதுவது இந்த இடுப்பு முள்ளெலும்புகளைத்தான். திரிகத்தின் மேல்பகுதி எஸ்1. எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய இரண்டு இடங்களின் பெயரும்தான் ரிப்போர்ட்டில் அடிக்கடி கண்ணில் படும். மேலுடம்பின் பாரம் முழுவதும் வந்து இறங்கும் இடமும், குனிந்து நிமிரும்போது அதிகம் அசையும் இடமும் அதுவே.

ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்னால் தடித்த உருளை, பின்னால் ஓர் எலும்பு வளையம். வளையங்கள் வரிசையாக அமைந்து உண்டாகும் குழாய்க்குள் தண்டுவடம் இறங்குகிறது. பலர் நினைப்பதுபோல அது இடுப்பின் அடிவரை வருவதில்லை. எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்பு வேர்களின் கற்றை மட்டுமே. மருத்துவத்தில் அதற்குக் குதிரைவால் என்றே பெயர்.

இரண்டு உருளைகளுக்கு நடுவே இருக்கும் வட்டைத்தான் மக்கள் ஜவ்வு என்கிறார்கள். நடுவில் கூழ், சுற்றிலும் அடுக்கடுக்காக நார் வளையங்கள். இளம் வயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்கு நீர். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதற்கு உணவு. பகலில் நிற்பதாலும் உட்கார்வதாலும் வட்டு நீரை இழக்கிறது. இரவு படுத்தபின் திரும்ப ஊறுகிறது. அதனால்தான் காலையில் எழுந்தவுடன் நாம் மாலையில் இருந்ததைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம்.

1934-இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால்தான் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்று நோயாளிகளின் சான்றோடு எழுதினார்கள். உண்மையான, பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதன்பின் இடுப்பில் எது வலித்தாலும் பழி வட்டின்மேல் விழத் தொடங்கியது. எம்.ஆர்.ஐ. வந்தபிறகு அது இன்னும் கூடிற்று. முதுகு வலியே இல்லாத 3000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு வட்டில் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கு. வலி ஒரு துளியும் இல்லாதவர்களின் கணக்கு இது. ஆகவே படத்தில் தேய்மானம் தெரிவதும் வலிக்கு அதுதான் காரணம் என்பதும் வேறு வேறு. இதை நோயாளிக்குச் சொல்லாமல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது அவரை வாழ்நாள் முழுக்கப் பயத்தில் வைத்திருப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

இனி பின்பக்கம். மேல் முள்ளெலும்பின் வளையத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு நீட்சிகள், கீழ் முள்ளெலும்பிலிருந்து மேல்நோக்கி இரண்டு. பழைய வீட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறிப் படிவதுபோல இவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு சிறு மூட்டுகள் ஆகின்றன. ஃபேசட் மூட்டு என்று பெயர். அளவில் சிறியது என்றாலும் முழங்கால் மூட்டில் என்னென்ன உண்டோ அவை எல்லாம் இதிலும் உண்டு: வழவழப்பான குருத்தெலும்பு, உறை, உறைக்குள் வழுக்கும் நீர், உறை நிறைய வலி நரம்பு நுனிகள். முழங்காலுக்கு வரும் தேய்வாதம் இதற்கும் வரும். முள்ளெலும்பு அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் முன்னோக்கி வழுக்காமலும் பிடித்து வைத்திருப்பது இந்த மூட்டுகளின் வேலை.

இவை வலிக்கக்கூடும் என்று 1911-லேயே பாஸ்டன் எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்வெய்ட் சந்தேகப்பட்டார். 1933-இல் ரால்ஃப் கோர்ம்லி அதற்கு ஒரு நோய்ப் பெயரும் கொடுத்தார். மறு ஆண்டே மிக்ஸ்டர், பார் கட்டுரை வந்து வெளிச்சம் முழுவதையும் வட்டின் பக்கம் திருப்பிவிட்டது. ஃபேசட் மூட்டு மறுபடி பேசப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின. 1976-இல் வெர்ட் மூனி, ஜேம்ஸ் ராபர்ட்சன் இருவரும் தன்னார்வலர்களின் ஃபேசட் மூட்டுக்குள் செறிந்த உப்புநீரை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும் வலி பரவியது. நோயாளிகள் பல காலமாகக் கை வைத்துக் காட்டிய அதே இடங்கள்.

இந்த வலிக்கென்று ஒரு போக்கு உண்டு. இடுப்பின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ ஆழமாக அமர்ந்திருக்கும். பிட்டத்துக்கும் தொடையின் பின்புறத்துக்கும் இறங்கும். முழங்காலைத் தாண்டுவது குறைவு. நெடுநேரம் நின்றால், பின்னோக்கி வளைந்தால், காலையில் எழுந்தவுடன் அதிகமாகத் தெரியும். ஆனால் இந்தப் போக்கை வைத்தோ, தொட்டுப் பார்த்தோ, படத்தைப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. நீண்டகால இடுப்பு வலிக்காரர்களில் ஃபேசட் மூட்டே காரணமாக இருப்பவர்கள் இளையவர்களில் சுமார் 15 சதவீதம், முதியவர்களில் சுமார் 40 சதவீதம் என்று 1990-களில் செய்த ஆய்வுகள் மதிப்பிட்டன.

ஏன் தேய்கிறது? புதுச்சேரி உழைப்பாளிகளின் ஊர். இங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் விட்டார்கள். கூடை சுமந்த தலை, தறியின் முன் நின்ற கால், வலை இழுத்த முதுகு என்று வலியை உழைப்போடு சேர்த்துப் பார்ப்பது நமக்கு இயல்பு. ஆனால் பின்லாந்தில் ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களின் முதுகெலும்பை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. ஒருவர் பளு தூக்கும் வேலையிலும் மற்றவர் நாற்காலி வேலையிலும் காலம் கழித்திருந்தாலும், வட்டுகள் தேய்ந்த விதம் வியக்கத்தக்க அளவு ஒன்றாகவே இருந்தது. தேய்மானத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்கு. வேலைக்கு நாம் நினைத்ததைவிடக் குறைந்த பங்கு. கனமான பொருளைக் குனிந்து திரும்பித் தூக்குவது வலியைக் கிளப்பும் என்பது உண்மைதான். ஆனாலும் "நீங்க அப்படித் தூக்கினதாலதான் எலும்பு தேஞ்சுபோச்சு" என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குவதற்கு அறிவியலில் இடமில்லை.

மூட்டில் பிறக்கும் வலி மூளைக்கு எப்படிப் போகிறது? இந்தக் கேள்வியைத் தொட்டவுடன் கதை பாரிஸுக்குப் போகிறது. 1822-இல் பிரான்ஸ்வா மாஜாந்தி நாய்க்குட்டிகளில் ஒரு சோதனை செய்தார். தண்டுவடத்திலிருந்து ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள் கிளம்புகின்றன. பின்வேரை வெட்டினால் உணர்ச்சி போனது, அசைவு இருந்தது. முன்வேரை வெட்டினால் அசைவு போனது, உணர்ச்சி இருந்தது. உணர்ச்சிக்கும் அசைவுக்கும் தனித்தனிப் பாதை என்று நிலைநாட்டிய சோதனை அது. உயிருள்ள விலங்குகளை அவர் அறுத்த விதத்தைக் கண்டித்தவர்கள் அன்றே உண்டு. அந்தக் கண்டனமும் நியாயமே. மறு ஆண்டு, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மர் தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. அந்தப் பள்ளி 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964-இல் ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கியது.

மாஜாந்தியின் மாணவர் க்ளோத் பெர்னார். பெர்னாரிடம் உதவியாளராக இருந்தவர் ஆர்சேன் தார்சொன்வால். மின்சாரம் உடலை என்ன செய்கிறது என்பதில் தார்சொன்வாலுக்குத் தீராத ஆர்வம். சாதாரண மாறுமின்னோட்டம் பட்டால் தசை வெட்டி இழுக்கும், ஆளையும் கொல்லும். ஆனால் மின்னோட்டம் திசை மாறும் வேகத்தை நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் நரம்பும் தசையும் அதற்கு எதிர்வினை காட்டுவதை நிறுத்திவிடுகின்றன, உடலில் வெப்பம் மட்டும் உண்டாகிறது என்று 1891-இல் அவர் காட்டினார். இன்று நரம்பைச் சுடும் கருவி நொடிக்குச் சுமார் ஐந்து லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தைத் தருகிறது. வானொலி அலைகளின் எல்லைக்குள் வரும் வேகம் அது என்பதால்தான் ரேடியோ என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. ஊசி சூடேறி நரம்பைச் சுடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஊசி முனையைச் சுற்றியுள்ள திசுவில் இருக்கும் அயனிகள் மின்னோட்டத்தோடு முன்னும் பின்னும் அலைக்கழிந்து உராய்வதால் திசுவே சூடாகிறது. அந்தச் சூடு ஊசிக்கு ஏறுகிறது.

இனி சுட வேண்டிய நரம்பைப் பார்ப்போம். முன்வேரும் பின்வேரும் சேர்ந்து ஒரே நரம்பாகி, முள்ளெலும்புகளின் பக்கத்துத் துளை வழியாக வெளியே வருகின்றன. வந்தவுடன் இரண்டாகப் பிரிகின்றன. பெரிய முன்கிளை காலுக்குப் போகிறது. சியாட்டிகா என்று நாம் அறிந்த வலி இந்தப் பாதையில் ஓடுவது. சிறிய பின்கிளை முதுகுக்குத் திரும்புகிறது. அந்தப் பின்கிளையின் உள்பக்கக் கிளைதான் நம் இலக்கு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். கீழ் முள்ளெலும்பின் மேல்நீட்சியும் பக்க நீட்சியும் சந்திக்கும் மூலையில் எலும்பைத் தழுவியபடி வளைந்து ஓடுகிறது. அங்கே ஒரு சிறு தசைநார் அதை எலும்போடு சேர்த்து மூடியிருக்கிறது. சிலருக்கு அந்தத் தசைநாரே எலும்பாகிவிடுவதும் உண்டு. நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் அந்த மூலை தெரியும். நரம்பு அந்த மூலையை விட்டு நகர முடியாது. இந்தச் சிகிச்சை சாத்தியமானதே இந்த ஒரு காரணத்தால்தான்.

உள்கிளை மூன்று வேலை செய்கிறது. ஃபேசட் மூட்டிலிருந்து உணர்ச்சியை எடுத்துச் செல்கிறது. முள்நீட்சிகளுக்கு இடையிலான தசைநார்களைக் கவனிக்கிறது. முதுகெலும்பை ஒட்டி உள்ளே கிடக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசையை இயக்குகிறது. காலின் பலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு உள்கிளைகளிலிருந்து நரம்பு வருகிறது: எல்4-எல்5 மூட்டுக்கு எல்3, எல்4 ஆகிய இரண்டும். ஆகவே ஒரு மூட்டை அடக்க இரண்டு நரம்புகளைச் சுட வேண்டும். எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற அடுத்தடுத்த இரண்டு மூட்டுகளுக்கு ஒரு பக்கத்தில் மூன்று. இரு பக்கமும் என்றால் ஆறு. "ஒரே ஊசியில் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இந்த நரம்பைக் கண்டுபிடித்து அடக்கிய வரலாறு நேராக நடக்கவில்லை. 1971-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்கைர்ம் ரீஸ், நீண்ட மெல்லிய கத்தியை முதுகில் இறக்கி ஃபேசட் மூட்டின் நரம்புகளை வெட்டிவிடுவதாக அறிவித்தார். கிட்டத்தட்ட எல்லாருக்குமே குணம் என்றார். அமெரிக்காவில் நார்மன் ஷீலி அதைக் கேள்விப்பட்டு, கத்தியால் ரத்தக் கசிவு வருகிறது என்று கண்டு, ரேடியோ மின்னோட்டத்துக்கு மாறினார். தண்டுவடத்தில் மின்தூண்டி பதித்து வலியைக் குறைக்கும் முறையை 1967-இல் தொடங்கிவைத்தவரும் இவரே. எல்லா இடத்திலும் இந்தச் சிகிச்சை பரவத் தொடங்கியது.

அப்போது ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் பொக்டுக் என்ற இளம் உடற்கூறியலாளர், எல்லாரும் கேட்க மறந்த ஒரு கேள்வியைக் கேட்டார்: அந்தக் கத்தி உண்மையில் நரம்பைத் தொடுகிறதா? சடலங்களை அறுத்துப் பார்த்தார்கள். 1977-இல் விடை வந்தது: ரீஸின் கத்தி நரம்பு ஓடும் ஆழத்தை எட்டவே இல்லை. 1979-இல் இன்னொன்று: ஷீலி குறிவைத்துச் சொன்ன இடத்தில் மூட்டுக்குப் போகும் நரம்பே ஓடவில்லை. வெட்டப்படாத நரம்புகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் குணமானதாக வீடு திரும்பியிருக்கிறார்கள்! சிகிச்சை என்று ஒன்று நடந்துவிட்டது என்ற நம்பிக்கைக்கே எவ்வளவு பலம் இருக்கிறது, இடுப்பு வலி தானாகவே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

1987-இல் பொக்டுக்கின் குழு மற்றொரு எளிய சோதனை செய்தது. முட்டை வெள்ளைக்கருவிலும் பச்சை இறைச்சியிலும் ஊசியை நுழைத்துச் சூடேற்றி, எங்கே வேகிறது என்று பார்த்தார்கள். ஊசியின் பக்கவாட்டில் வெந்தது. முனைக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றும் வேகவில்லை. அதுவரை பல மருத்துவர்கள் ஊசியை நரம்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, முனையால் அதைத் தொட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சுட்டால் நரம்பு தப்பிவிடும். ஊசியை நரம்போடு படுக்கவைத்து, இணையாக வைத்துச் சுட வேண்டும் என்பது அந்த வெள்ளைக்கரு கற்றுத்தந்த பாடம்.

சரியான நரம்பு, சரியான கோணம் என்றாலும் சரியான நோயாளி வேண்டுமே. வலி ஃபேசட் மூட்டிலிருந்துதான் வருகிறது என்பதை அறிய இன்றைக்கு ஒரே வழி சோதனை ஊசி. உள்கிளை ஓடும் மூலையில் அரை மில்லிலிட்டருக்கு மேற்படாமல் மரமரப்பு மருந்து வைக்கிறார்கள். அளவு கூடினால் மருந்து பக்கத்து நரம்புகளுக்கும் பரவி, சோதனை பயனற்றுப்போகும். ஊசி போட்டபின் நோயாளியைப் படுக்கவைக்கக் கூடாது. எந்த வேலையில் வலிக்குமோ அந்த வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும்: நிற்க, நடக்க, படியேற. வலி எத்தனை மணி நேரம் எவ்வளவு குறைந்தது என்று தாளில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். ஒரே முறை செய்த சோதனை, ஃபேசட் வலி இல்லாதவர்களுக்கும் 'இருக்கிறது' என்று பொய் சொல்வது சாதாரணம். நூற்றில் 25 முதல் 40 வரை அப்படி ஆகிறது. அதனால் கண்டிப்பான மருத்துவர்கள் வேறொரு நாளில் வேறொரு மருந்தால் மறுபடி சோதிக்கிறார்கள். லிக்னோகெய்ன் என்றால் குறைந்த நேரம், பியூபிவகெய்ன் என்றால் அதிக நேரம் வலி அடங்க வேண்டும். இரண்டு முறையும் வலி பெருமளவு குறைந்தவர்தான் அடுத்த கட்டத்துக்கு உரியவர்.

அந்த அடுத்த கட்டம் அறுவை அரங்கில் நடக்கிறது. நோயாளி குப்புறப் படுக்கிறார். வயிற்றுக்கு அடியில் தலையணை. மேலே வளைந்து நிற்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியைச் சாய்த்துப் பிடித்தால், திரையில் முள்ளெலும்பின் பின்பகுதி ஸ்காட்லாந்து நாய்க்குட்டி ஒன்றின் உருவமாகத் தெரியும். ரேடியாலஜி மாணவர்கள் முதலாண்டிலேயே பார்த்துப் பழகும் உருவம் அது. காது, மேல்நீட்சி. மூக்கு, பக்க நீட்சி. இரண்டும் சேரும் இடத்தில் உள்கிளை. தோலை மரக்கவைத்து, முனையில் சுமார் 10 மில்லிமீட்டர் மட்டும் காப்பு நீக்கிய ஊசியை எலும்பு தட்டும்வரை இறக்குகிறார்கள். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துவதில்லை. அவருடைய வாய்ச்சொல் தேவை. முதலில் நொடிக்கு 50 துடிப்பு வேகத்தில் மெல்லிய மின்னோட்டம். "எங்க தெரியுதும்மா?" "இடுப்புலதான், எப்பவும் வலிக்கிற இடத்துல." அடுத்து நொடிக்கு 2 துடிப்பு. இப்போது மருத்துவரின் கண் இரண்டு இடங்களைப் பார்க்கிறது. ஊசிக்குப் பக்கத்தில் மல்டிஃபிடஸ் தசை துடிக்கலாம். கால் அசையவே கூடாது. கால் அசைந்தால் ஊசி முன்கிளைக்கு நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே இடம் மாற்ற வேண்டும். எல்லாம் சரி என்றால் மரமரப்பு மருந்து வைத்துவிட்டு, 80 அல்லது 90 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம்வரை. 45 டிகிரியைத் தாண்டினாலே நரம்பிழை செத்துவிடும். எல்லாம் முடிந்து நோயாளி அன்றே வீட்டுக்குப் போகலாம்.

சுட்ட இடத்தில் சில நாள், சில வாரம் எரிச்சலும் தோலில் மரமரப்பும் இருக்கலாம். தொற்று அரிது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வலி அடங்குவது நிரந்தரமல்ல. நரம்பிழை சாகிறது, அதன் உறைச் சட்டகம் பெரும்பாலும் தப்புகிறது. அந்தச் சட்டகத்துக்குள் இழை மெதுவாகத் திரும்ப வளர்கிறது. வழக்கமாக ஆறு மாதம் முதல் ஓராண்டு. பிறகு வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். மூட்டின் தேய்வு இருந்தபடியே இருக்கும். மூட்டு அனுப்பும் வலியை மூளைக்குப் போகவிடாமல் கொஞ்ச காலம் நிறுத்துவது மட்டுமே இந்தச் சிகிச்சை.

பலன் எவ்வளவு? 2000-இல் பால் ட்ரைஃபஸ் குழுவினர் மிகக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்த 15 பேருக்குச் செய்தார்கள். ஓராண்டு கழித்து 60 சதவீதத்தினருக்கு வலி பத்தில் ஒன்பது பங்கு போயிருந்தது. உற்சாகம் தரும் கணக்கு, ஆனால் வெறும் பதினைந்து பேர். ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழுவும் இல்லை. 2017-இல் நெதர்லாந்தின் 16 வலி நிலையங்களிலிருந்து 681 பேர் கலந்துகொண்ட ஆய்வுகள் வெளிவந்தன. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், நரம்பைச் சுட்டுப் பயிற்சியும் செய்தவர்களுக்கும் நடுவே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வில் ஒரே ஒரு சோதனை ஊசி, பாதி வலி குறைந்தாலே தகுதி, மெல்லிய ஊசி என்று மற்றவர்கள் குறை சொன்னார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் இந்தச் சிகிச்சைக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்தது: மற்றவை பலிக்காதபோது, வலி மிதமானதாகவோ கடுமையாகவோ இருக்கும்போது, சோதனை ஊசியில் நல்ல பலன் கிடைத்தபின். 2025-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த வழிகாட்டி, நீண்டகால முதுகு வலிக்கு இது உட்பட ஊசிவழிச் சிகிச்சைகள் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. வலி மருத்துவர்கள் அதை எதிர்த்தார்கள். சண்டை முடியவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலி உள்ள எல்லாருக்கும் இதைச் செய்தால் பலன் தெரியாது என்பதை நெதர்லாந்து ஆய்வு காட்டிவிட்டது. அதே நேரத்தில், இரண்டு சோதனை ஊசிகளிலும் வலி விலகிய, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் மீளாத ஒருவருக்கு இதை மறுப்பதற்குப் போதிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்கள் கூட்டத்தில் சிலர்தான். கால் முழுவதும் இறங்கும் வலிக்கு இது பொருந்தாது. அது வேறு நரம்பின் வேலை. இரண்டு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், கால் திடீரென்று தளர்ந்தால் அது குதிரைவால் நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காத்திருந்தால் கால் திரும்பாமலே போகலாம்.

உலகில் 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கு. இத்தனை பேருக்கு அறுவை அரங்கு எந்த நாட்டிலும் இல்லை, தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் முன்னால் நிற்பவை உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய தெளிவும். இடுப்பு பெல்ட்டும், இழுவைக் கட்டும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பெல்ட் விற்பனைக்குக் குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. சமதளம், கடல் காற்று, காசு கேட்காத இடம். நடக்கலாம்.

நரம்பைச் சுட்டுக்கொண்டவருக்கும் இந்த நடை தேவை. இன்னும் அதிகமாகவே தேவை, ஏனெனில் சுட்ட நரம்போடு மல்டிஃபிடஸ் தசையின் ஒரு பகுதியும் தன் நரம்பை இழக்கிறது. வலி அடங்கிய அந்த ஆறு மாதத்தைச் சும்மா படுத்துக் கழித்தால், நரம்பு வளர்ந்து திரும்பும்போது வலி முன்னைவிடப் பலவீனமான முதுகுக்குத் திரும்பும். எழுந்து நடந்து, தசையைப் பலப்படுத்தினால் அந்த ஆறு மாதம் லாபம்.

ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். என் வலி ஃபேசட் மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்தது, எத்தனை சோதனை ஊசி போட்டீர்கள்? எத்தனை நரம்புகளைச் சுடப்போகிறீர்கள், எவை? ஊசி நரம்புக்கு இணையாகப் போகுமா? வலி திரும்பினால் என்ன செய்வோம்? இதற்குப் பிறகு எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் யார்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சோதனை ஊசியே போடாமல் நேராகச் சுடலாம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் சுட்டுக்கொள்ளாதீர்கள், எம்.ஆர்.ஐ. படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.